இறந்தகாலம் ஒன்றுதானா?

ஸ்பானிய மொழியில் இறந்தகாலம் இரண்டு, வீண் குழப்பம். தமிழில் ஒன்றே ஒன்று, அதுவும் சுலபம் என்கிறார்கள். இரண்டு கூற்றும் நிற்காது.

முதலில் சுலபம். நன்னூலே த், ட், ற், இன் என நான்கு இறந்தகால இடைநிலைகளைச் சொல்கிறது: செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். அதோடும் முடியவில்லை. ‘நடு’ நட்டான் ஆகும்போது ‘எடு’ ஏன் எட்டான் ஆகவில்லை? ‘படு’ ஒன்றே பட்டான், படுத்தான் என இரண்டாகப் பிரிகிறதே? நமக்குக் காதுப் பழக்கம். புதிதாகக் கற்பவருக்கு மனப்பாடம்.

அடுத்து ஒன்று என்பது. கொல்லிமலைப் பெரியவர் ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: “நேத்து வல்வில் ஓரி விழாவுக்கு நெறைய பேர் வந்தாங்க. ரோடு வர்றதுக்கு முன்னாடி நடந்தேதான் வருவாங்க.” இரண்டுமே நடந்து முடிந்தவை. ஆனால் ‘வருவாங்க’ எதிர்கால வடிவம். சொல்வது பழைய வழக்கத்தை. ஸ்பானியர் முதலாவதை ‘பினியெரோன்’ என்பார், இரண்டாவதை ‘பெனீயான்’ என்பார். நடந்த நிகழ்ச்சி வேறு, நடந்துவந்த வழக்கம் வேறு என்ற அதே பாகுபாடுதான். அவர்கள் அதற்குத் தனி விகுதி வைத்தார்கள். நாம் எதிர்காலத்தை இரவல் வாங்கினோம்.

இதில் எது குழப்பம்? பிறமொழி இலக்கணத்தைப் பழிக்குமுன் நம் வினைமுற்றுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.