இயங்கினால் மட்டும் போதுமா?

வீட்டுக் கணினி வழக்கம்போல் இயங்குகின்றது. ஆதலால் அதற்கு யாதொரு குறையுமில்லையென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். விண்டோஸ் 10 மென்பொருளுக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி முடிவுற்றது. அன்று கணினிகள் நின்றுவிடவில்லை; புதிதாய்த் தோன்றும் ஓட்டைகளை அடைக்கும் பணியே நின்றது.

இத்தகைய ஓட்டையின் கொடுமையை 2017 மே மாதம் உலகு கண்டது. 'வன்னாக்ரை' என்னும் நச்சு நிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணங் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகளும் தப்பவில்லை. அதனைத் தடுக்கும் திருத்தமோ மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது!

நாம் செய்யத்தக்கது யாது? முதலிற் குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் வெளி வன்தட்டொன்றிற் பிரதிசெய்து, அதனைக் கழற்றி வைத்தல் வேண்டும். பின்னர், நமது கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா எனப் பார்த்தல் வேண்டும். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு தேவை. சில கணினிகளில் அது இருந்தும் முடக்கப்பட்டிருக்கும்; அறிந்தவரைக் கொண்டு இயக்கிவிடலாம்.

ஏற்காத கணினிகளுக்காக, பதிவுசெய்யும் வீட்டுப் பாவனையாளர் 2026 ஒக்டோபர் 13 வரை திருத்தம் பெற அந்நிறுவனம் வழி வகுத்தது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ், பழைய கணினிகள் பலவற்றுக்கும் பொருந்தும். இவற்றுள் எதுவும் இயலாதாயின், அக்கணினியை இணையத்திலிருந்து விலக்கி, எழுத்து வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வோமாக. அதில் வங்கிக் கணக்கைத் திறத்தல் ஆகாது.

கதவு நன்றாய்த் திறந்து மூடுகின்றதென்று, பூட்டில்லா வீட்டிலே நகையை வைப்பார் உளரோ?