தீக்குச்சியில் ஒரு ரசாயனப் பாடம்

வைரமும் கார்பன், பென்சிலில் உள்ள கிராபைட்டும் கார்பன். ஒன்று கண்ணாடியை அறுக்கிறது. மற்றொன்று காகிதத்தில் உரசினாலே தேய்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

அணுக்கள் அடுக்கப்பட்ட விதந்தான் காரணம். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் சுற்றிலும் நான்கு அணுக்களைப் பற்றி நிற்கிறது. கிராபைட்டில் அணுக்கள் தாள் தாளாகக் கிடக்கின்றன. தாள்கள் எளிதில் வழுக்குகின்றன.

கரும்பலகையில் வரைந்தால் இது தட்டையாகவே தெரியும். கையால் கட்டிப் பார்த்தால்தான் விளங்கும். கார்பன் நான்கு மூலைகளை நோக்கிக் கை நீட்டுகிறது என்று 1874-ல் சொன்ன டச்சு விஞ்ஞானி வாண்ட் ஹாஃப் கூட, அட்டையில் மாதிரிகள் செய்து மற்ற விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்!

சந்தையில் கிடைத்த கருவி

இதற்குப் பெரும் பணம் வேண்டுமா? வேண்டாம் என்று காட்டியது மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டம். (இன்று அதன் பெயர் நர்மதாபுரம்.) 1972-ல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை விஞ்ஞானக் கல்வி தொடங்கியது. 1978-ல் அங்கு வந்தார் அரவிந்த் குப்தா என்ற இளம் என்ஜினீயர். சந்தையில் விற்கும் சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டே மாதிரிகள் கட்டினார்.

ஆறு குச்சிகள், நான்கு டியூப் துண்டுகள். நான்முகக் கூடு தயார். அதன் நடுவே கார்பனையும், மூலைகளில் ஹைட்ரஜனையும் நினைத்துக்கொண்டால் அதுவே மீத்தேன். மூலைகளிலும் கார்பனையே வைத்து மேலும் மேலும் கட்டிக்கொண்டே போனால் அதுவே வைரம்!

முதலில் ஆசிரியர்

ஹோஷங்காபாத்தின் உண்மையான பலம் குச்சியில் இல்லை. அங்கே முதலில் மாணவராக உட்கார்ந்தவர்கள் ஆசிரியர்கள். பயிற்சி முகாமில் தாங்களே சோதனைகளைச் செய்து, தவறி, திருத்திக்கொண்ட பிறகே வகுப்புக்குப் போனார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை 2002-ல் மாநில அரசாங்கம் நிறுத்திவிட்டது.

இப்போது மத்திய அரசாங்கம் ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால், உடைந்துவிடுமே என்று கருவிகளைப் பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. தானே கட்டிப் பழகாத ஆசிரியருக்குக் கருவியைத் தொடவே தயக்கம். பழகியவருக்கோ தீப்பெட்டியே போதும்.

கூடங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஆசிரியர் முகாம்களுக்கும் போகட்டும். இல்லையேல் புதுக் கூடங்கள் வரும். பிள்ளைகள் பழையபடியே மனப்பாடம் செய்வார்கள்.