நமுத்த மருந்தும் ஒரு மானும்

தீபாவளிக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் பட்டாசை முறத்தில் பரப்பி வைத்துக் காத்திருப்போம். வெயில் எட்டிப் பார்த்தால் முறத்தோடு மொட்டை மாடிக்கு ஓட்டம். அப்படிக் காய வைத்தும் பாதி வெடிகள் 'புஸ்' என்று அடங்கிவிடும். அந்தச் சத்தத்தை முப்பது வருடம் கழித்து மறுபடி கேட்டேன். இடம் பென்சில்வேனியா, சென்டர் கவுன்ட்டியில் ஒரு ஹெம்லாக் மரத்தடி. எதிரே நாற்பது கஜத்தில் ஒரு பெண் மான். என் கையில் சிக்கிமுக்கித் துப்பாக்கி.

மான் வேட்டை என்றதும் நம்மூர் வாசகர் முகம் சுளிப்பார். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்கள் நாம். பென்சில்வேனியாவின் கதை வேறு. 1900 வாக்கில் அங்கே மான் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1895-ல் அமைந்த மாநில வேட்டை ஆணையம், 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டது. இன்று அவை பெருகி, முளைத்து வரும் மரக்கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. அதனால் ஆணையமே ஆண்டுதோறும் உரிமம் கொடுத்துச் சுடச் சொல்கிறது. நானும் உரிமம் வாங்கியவன். வேட்டைக்கு இதற்கு மேல் இங்கே நியாயம் சொல்லப் போவதில்லை. நான் பேச வந்தது ஒரு விதியைப் பற்றி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26-ல், அங்கே ஒரு தனி வேட்டைப் பருவம் தொடங்கும். 1974-ல் வந்த ஏற்பாடு. சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. குழல்வாய் வழியே மருந்தும் ஈயக்குண்டும் போட்டு, கஜக்கோலால் கெட்டித்து, கல்லும் எஃகும் உரசும் பொறியில் சுட வேண்டும். பனியும் தூறலுமாக இருக்கும் குளிர்காலத்தில், ஈரத்துக்கு மிகவும் அஞ்சும் துப்பாக்கி! ஒவ்வொரு டிசம்பரிலும் கடைகளில் இதே முனகல்தான் கேட்கிறது. தட்டினால் வெடிக்கும் 'கேப்' வைத்துச் சுடும் துப்பாக்கியையாவது அனுமதித்தால் என்ன என்கிறார்கள். நான் எதிர்க்கட்சி.

சிக்கிமுக்கித் துப்பாக்கியில் குதிரை எனப்படும் சுத்தியலின் வாய்க்குள் தோல் சுற்றிய கல் இருக்கும். விசையை இழுத்தால் அது எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் சுரண்டப்பட்ட எஃகுத் துகள்தான் எரிந்துகொண்டே விழுகிறது. விழும் இடம் ஒரு சின்னக் கிண்ணி. அதில் கால் கிராம்கூடத் தேறாத நுண்மருந்து. அது பற்றிக்கொண்டு, குழலின் பக்கத்தில் இருக்கும் ஊசித்துளை வழியாக, உள்ளே இருக்கும் நாலரை கிராம் மருந்தை எட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்கும். அன்று எனக்கு முதல் சத்தம் மட்டும் கேட்டது. மான் காதை உயர்த்தி என்னைப் பார்த்தது. பிறகு நிதானமாக நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். அவர் மானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மதியம் சாப்பிட வந்தபோது துப்பாக்கி எங்கே இருந்தது?"

"சமையலறையில், கதவோரம்."

"அவ்வளவுதான். உன் துப்பாக்கி தண்ணீர் குடித்துவிட்டது."

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது மாதிரி, குளிர்ந்த குழலும் சூடான வீட்டுக்குள் வந்ததும் வியர்த்திருக்கிறது. அவருடைய துப்பாக்கி பருவம் முடியும்வரை வீட்டு வாசலைத் தாண்டாது. பின்கட்டுக் கொட்டகையில், குளிரிலேயே, பூட்டிய பெட்டியில் கிடக்கும்.

அவர் கவனம் முதல் நாள் இரவே தொடங்கிவிடும். கோடை முழுதும் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை ஆல்கஹாலில் நனைத்த துணியால் குழலுக்குள்ளிருந்து துடைத்தெடுப்பார். எண்ணெயும் மருந்துக்கு ஈரம் மாதிரிதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கெட்டித்து முடித்ததும் ஊசித்துளையில் ஒரு வான்கோழி இறகின் தண்டைச் செருகிவைப்பார். சுடும் நேரம் வரை உள்ளே ஈரம் போகாது. கிண்ணியின் விளிம்பில் தேன்மெழுகு தடவுவார். கல்லும் தகடும் கிண்ணியும் சேர்ந்த பூட்டின் மேல் மெழுகும் கொழுப்பும் ஏற்றிய ஒரு தோல் மூடியைக் கட்டுவார். மாட்டின் முழங்கால் தோலில் செய்ததோ என்னவோ, அதற்கு 'மாட்டு முழங்கால்' என்றே பெயர். காட்டில் நிற்கும்போது மணிக்கு ஒருமுறை கிண்ணி மருந்தைக் கொட்டிவிட்டு, துடைத்து, புது மருந்து இடுவார். சுட்டுவிட்டால் உடனே துடைக்க வேண்டும். எரிந்த மருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு சற்று நேரத்தில் கறுப்புச் சேறாகிவிடும்.

கடுங்குளிருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மைனஸ் பத்து டிகிரியில் விழும் பனி மாவு மாதிரி, ஊதினால் போய்விடும். ஒன்றிரண்டு டிகிரியில் சொதசொதவென்று விழும் ஈரப்பனிதான் ஆளைக் கவிழ்க்கும்.

துப்பாக்கி பழையது என்பதால்தான் மழையில் தோற்கிறது என்பவர்களுக்குப் பிளாசிப் போரை நினைவூட்டுவேன். 1757 ஜூன் 23 மதியம் கொட்டிய மழையில் நவாபின் படை மருந்தெல்லாம் நனைந்துபோயிற்று. கிளைவின் ஆட்கள் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார்கள். எதிரிக்கும் அதே கதிதான் என்று நம்பிப் பாய்ந்த நவாபின் தளபதி மீர் மதன் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். இரு பக்கமும் அதே கருமருந்துதான், வித்தியாசம் தார்ப்பாயில் இருந்தது. இதற்கு இருபது வருடம் கழித்து, 1777 செப்டம்பர் 16-ல், இதே பென்சில்வேனியாவில் வாஷிங்டனின் படைக்கும் இதுதான் நடந்தது. தோட்டாப் பெட்டிகளின் தோல் மூடி சரியாக அமையாததால் மழை உள்ளே புகுந்து தோட்டாக்கள் பாழாயின. பெரிய சண்டை நடக்காமலே பின்வாங்கினார்கள். அந்த நாளுக்கு 'மேகங்களின் போர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் இருக்கும் கவிதை, நனைந்து நின்ற சிப்பாய்க்குத் தெரிந்திருக்காது.

சரி, வெடிக்காமல் போனால் யாருக்கு நட்டம்? எனக்கு ஒரு நாள் கூலி, மானுக்கு ஒரு நாள் ஆயுள். அதை நான் குறையாகவே எண்ணவில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நான்காவது வருடம் அதைக் கற்றேன். விசையை இழுத்தேன். 'புஸ்' என்றது. துப்பாக்கியை இறக்கலாமா என்று தோள் தளர்ந்த நேரத்தில் வெடித்தது. அரை வினாடி தாமதம் இருக்கும். குண்டு மானின் பின்னங்காலில் பட்டது. இருட்டும்வரை ரத்தத்தைத் தொடர்ந்து போனேன். ஓர் ஓடையில் தடம் நின்றுவிட்டது. மறுநாள் காலையும் போய்த் தேடினேன். கிடைக்கவில்லை.

அன்று காலை ஆறரைக்கு இட்ட மருந்து பதினொன்றரை வரை கிண்ணியிலேயே கிடந்தது. கையுறையைக் கழற்ற மனமில்லை. காரணம் அவ்வளவுதான்.

கேப் கேட்பவர்களுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பாதிரியாராக இருந்துகொண்டு பறவை வேட்டையும் ஆடிய ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் ஃபோர்சைத், 1807-ல் தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த கேப் மழையில் நன்றாகவே வெடிக்கும். ஆனால் குழலுக்குள் மருந்து நமுத்திருந்தால் அதிலும் தாமத வெடி வரும். கேப் அதை முன்கூட்டிக் காட்டாது. சிக்கிமுக்கியில் கிண்ணியைத் திறந்து பார்க்கலாம். மருந்து மணல் மாதிரி உதிர்ந்தால் நல்லது. கட்டி கட்டியாகச் சேர்ந்தால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள், குழலையும் சந்தேகப்பட வேண்டும். பார்க்கச் சோம்பல்படுபவனைத் தவிர வேறு யாரையும் அது ஏமாற்றுவதில்லை. இந்த விதியைத் தளர்த்த வேண்டாம் என்று நான் சொல்வது பழமை மோகத்தால் இல்லை. துப்பாக்கிக்காரனை மணிக்கொருமுறை குனிந்து பார்க்கவைக்கும் வேறு விதி எதுவும் எனக்குத் தெரியாது.

என் கட்சிக்காரர்களிடமும் ஒரு சண்டை உண்டு. கொட்டுகிற மழையில் போய் நின்று, முன்னோர் வேட்டையாடிய மாதிரி என்று பெருமை பேசுகிறார்கள். இறைச்சி தீர்ந்திருந்தாலொழிய, முன்னோர் அந்த மழையில் அடுப்படியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். தோல் மூடியும் தேன்மெழுகும் தூறலுக்குத் தாங்கும், அடைமழைக்குத் தாங்காது.

பெரியவர் போன வருடத்தோடு வேட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டார், முழங்கால் வலி. அவருடைய மாட்டு முழங்கால் இப்போது என் துப்பாக்கியில் இருக்கிறது. வரும் டிசம்பர் 26 அன்று தூறினால் அதைக் கட்டிக்கொண்டு போவேன். கொட்டினால் வீட்டில்தான் இருப்பேன்.