களை எடுக்கும்போது கேட்ட புத்தகங்கள்

போன ஆடியிலிருந்து நான் புத்தகம் படிப்பதைக் குறைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் கேட்பதுதான். பகல் முழுக்கக் காட்டில் கிடந்துவிட்டு ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகிவிடுகிறது. ஒலிப்புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. பால் கறக்கும்போது கேட்கலாம், கடலைக்குக் களை வெட்டும்போது கேட்கலாம், சந்தைக்கு வண்டியில் போகும்போது கேட்கலாம். ஒரு வருஷத்தில் கதையும் கட்டுரையுமாக இருபதுக்கு மேல் கேட்டாயிற்று. நம்ம ஆட்களில் பலரும் இப்போது செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கிட்டு எதையாவது கேட்டபடியே வேலை செய்கிறார்கள். அதனால்தான் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் எழுதுங்கள், சண்டை போடலாம்.

என் கட்சி இதுதான்: வேலையோடு வேலையாகக் கேட்க கதைதான் சரி. விவசாயம் சொல்லித்தரும் புத்தகத்தைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு நிலத்தில் இறங்கக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காதில் இயற்கை இடுபொருள் பற்றிய ஒரு நூல். பஞ்சகவ்யம் மூன்று சதவீதம், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடமான கணக்கு. ஆனால் நான் அப்போது புதுசு. மோட்டார் சத்தத்தில் 'மூன்று' மட்டும் காதில் விழுந்தது, மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். டேங்குக்கு மூன்று லிட்டர் ஊற்றி அடித்தேன். நாலாம் நாள் கத்தரி இலையெல்லாம் ஓரம் கருகி நின்றது. புத்தகத்தில் தப்பு இல்லை, வாசித்தவர் மேலும் தப்பு இல்லை. அச்சில் இருந்தால் விரலை வைத்து இன்னொரு தடவை பார்த்திருப்பேன். காதில் விழுந்ததை அப்படிப் பார்க்க முடியாது. பின்னால் தள்ளிக் கேட்கலாமே என்பீர்கள். கையெல்லாம் சாணி, எதைத் தொட்டுத் தள்ளுவது?

அளவு மட்டும் இல்லை, கருத்தும் இப்படித் தவறிப் போகும். நாம் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் 1975-இலும், ஆங்கிலத்தில் 1978-இலும் வந்த நூல். யொகோகாமா துறைமுகத்தில் பயிர்நோய் ஆய்வு வேலையில் இருந்த ஃபுகுவோகா 25 வயதில் அதை உதறிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். உழவு வேண்டாம், உரம் வேண்டாம், களைக்கொல்லி வேண்டாம் என்று அவர் சொல்லும் இடம் வரும்போது காதுக்குத் தேன் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டால் என்ன ஆகும்? நிறுத்திவிட்டு ஓடுவோம், மறுநாள் வேறு இடத்திலிருந்து கேட்போம். அதே நூலில்தான் அவர் இன்னொன்றும் சொல்கிறார். இயற்கைப்படி விடுகிறேன் என்று அப்பாவின் ஆரஞ்சுத் தோப்பைக் கவாத்து செய்யாமல் விட்டாராம். கிளைகள் ஒன்றோடொன்று சிக்கி, பூச்சி விழுந்து, மரங்கள் செத்துப் போயின. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அங்கேதான் அவர் கற்றுக்கொள்கிறார். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு நிலத்தைப் போட்டு வைத்திருக்கும் இரண்டு தம்பிகளை எனக்குத் தெரியும். 'சும்மா இருக்கிறதுதானே அண்ணே இயற்கை விவசாயம்' என்கிறார்கள்.

ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' 1962-இல் வந்தது. அதை இங்கிலீஷில் கேட்டேன். நோய் பரப்பும் வண்டைக் கொல்ல எல்ம் மரத்துக்கு டி.டி.டி. அடிக்கிறார்கள். இலை உதிர்கிறது, இலையை மண்புழு தின்கிறது, மண்புழுவை ராபின் குருவி தின்கிறது, குருவி சாகிறது. இந்தச் சங்கிலியைக் கேட்டபோது வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இது கதை மாதிரி சொல்லப்பட்டிருப்பதால் மனசில் நின்றது. ஆனால் வரிசையாக மருந்துப் பெயர்கள் வரும் அத்தியாயங்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதுதான். அந்தப் பகுதிக்குக் காகிதம்தான் வேண்டும்.

கட்டுரை வகையில் எனக்கு முழுசாகப் பிடித்தது ஒன்றுதான். அமெரிக்கப் பூர்வகுடிகளான பொட்டவாட்டமி மக்களில் ஒருவர் ராபின் வால் கிம்மரர், தாவரவியல் பேராசிரியை. அவர் 2013-இல் எழுதிய 'பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்' நூலை அவரே வாசித்திருக்கிறார். மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்து விதைப்பதை 'மூன்று சகோதரிகள்' என்பார்கள். சோளத்தட்டை கொடிக்குக் கொம்பாகிறது, அவரை வேர்முடிச்சில் தழைச்சத்து சேர்க்கிறது, பூசணி இலை மண்ணை மூடிக் களையை அடக்குகிறது. நம்ம ஊர் கலப்புப் பயிர்க்காரருக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஆனால் தன் முன்னோர் மொழியைப் பெரியவளான பிறகு உட்கார்ந்து படித்தவர் அவர். அந்தச் சொற்களை அவர் வாயாலேயே கேட்கும்போது, அச்சில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. எழுதியவரே வாசித்தால் அப்படித்தான்.

இனி கதைகள். 'பொன்னியின் செல்வன்' பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் ஆளாளுக்கு வாசித்துப் போட்டிருக்கிறார்கள். ஐந்து பாகம், ஒரு போகம் முழுக்க ஓடும். வாள்சண்டையை விட, ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்கும் அந்த முதல் அத்தியாயம்தான் எனக்கு. கரை நிறையத் தண்ணீர், 74 கணவாய்களும் பாய்கின்றன. நான் அதைக் கேட்டபோது என் கிணற்றில் மோட்டார் காற்று இழுத்துக்கொண்டிருந்தது.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' கேட்பதற்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். 137 வயசுப் பாட்டி மங்கத்தாயாரு தன் சனம் தெற்கே ஓடிவந்த கதையைச் சொல்கிறாள். வந்தவர்கள் காட்டைக் கொளுத்தி நிலமாக்குகிறார்கள். கரிசல் பேச்சு அது. நான் கேட்ட பதிவில் வாசித்தவர் செய்தி வாசிப்பது போல அவ்வளவு சுத்தமாக உச்சரித்தார். நல்ல குரல்தான். ஆனால் கரிசல் கிழவி டவுனு வாத்தியாரம்மா மாதிரி பேசினால் எப்படி? பாதியில் நிறுத்திவிட்டுப் புத்தகத்துக்கே போனேன். இப்போது இயந்திரக் குரலில் வேறு வருகிறது. 'ஏர்' என்பதையும் 'ஏரி' என்பதையும் ஒரே இழுப்பாக இழுக்கிறது. அதற்குச் சும்மா இருக்கலாம்.

பூமணியின் 'வெக்கை'யைக் கடலைக்குக் களை எடுக்கும் அன்று ஒலிபெருக்கியில் வரப்பில் வைத்தேன். ஏழு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். நிலத் தகராறில் அண்ணனைப் பறிகொடுத்த 15 வயசுப் பையன் சிதம்பரம், கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு அப்பனோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். முதலில் சலசலவென்று பேச்சு இருந்தது. கால்மணி நேரத்தில் அடங்கிவிட்டது. களைக்கொட்டுச் சத்தம் மட்டும்தான். டீ வந்தபோது ஒரு அக்கா, 'அப்பனும் மவனும் காட்டுல கெடக்காங்க, சரி. அந்த ஆத்தா இப்ப எங்கன நிப்பா?' என்று கேட்டார். ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். நான் இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த நாவலைப் படித்தவன். இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அதே ஏழு பேருக்கு அதற்கு முந்தின வாரம் மண்வளம் பற்றிய நூல் ஒன்றைப் போட்டுப் பார்த்திருந்தேன். பத்து நிமிஷத்தில் 'இத நிறுத்திட்டுப் பாட்டு வையி தம்பி, எரு அடிக்கிறது எங்களுக்குத் தெரியாதா?' என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

இதில் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1960-களில் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் அவ்வளவு பேர் அதற்கு மாறினார்கள். பசுமைப் புரட்சி நம்ம பாட்டன் வீட்டுக்குள் காது வழியாகத்தான் நுழைந்தது. படிக்காதவருக்கும் போய்ச் சேர்ந்ததால்தான் அந்த வேகம். நாமோ அதற்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருக்கிறோம். இந்த இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். என் காட்டில் களை எடுக்கும் ஏழு பேரில் ஐந்து பேர் இதைப் படிக்க மாட்டார்கள், படிக்க முடியாது. நிலத்தில் குனிந்து நிற்கிறவர்களுக்குப் போகாத இயற்கை வேளாண்மை யாருக்கு? வள்ளுவர் 'கல்லாமை' அதிகாரத்துக்கு அடுத்ததாகவே 'கேள்வி'யை வைத்திருக்கிறார். காரணம் இல்லாமலா வைத்தார்?

நம்மாழ்வார் ஐயா இதை அறிந்தவர். 'உழவுக்கும் உண்டு வரலாறு' எழுதியவர்தான், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு மாறியவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம். 2013 டிசம்பரில் அவர் போன பிறகும் அந்தப் பேச்சுப் பதிவுகளை யாராவது எங்காவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர் பாடம் நடத்தியதில்லை. ஒரு ஊரில் ஒரு விவசாயி என்று ஆரம்பிப்பார். நாமும் அளவு, கணக்கையெல்லாம் அச்சில் வைத்துக்கொள்வோம். ஒருத்தர் எப்படி மாறினார், என்ன நட்டப்பட்டார், வீட்டில் என்ன திட்டு வாங்கினார் என்பதை அவரவர் ஊர்ப்பேச்சில், அவரவர் குரலிலேயே பதிவு செய்வோம். ஸ்டுடியோ எதுவும் வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒருவர் என்றாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு பேர்.

ஒரு எச்சரிக்கை மட்டும். மும்முனை மின்சாரம் ராத்திரிதான் வருகிறது என்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தண்ணீர் கட்டப் போகாதீர்கள். பாம்பு சீறுவது கேட்காது, மோட்டார் சத்தம் மாறுவதும் கேட்காது.

நான் போன வாரம் என் கத்தரி கருகிய கதையைச் செல்போனில் பேசிப் பதிந்து பார்த்தேன். பதினோரு நிமிஷம் வந்தது. நடுவில் மயில் கத்துகிறது, எங்க வீட்டம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். அழிக்கவில்லை. அந்த ஏழு பேருக்கும் அடுத்த களைக்குப் போட்டுக் காட்டுவதாக இருக்கிறேன். அதற்கு அப்புறம் சோ. தர்மனின் 'சூல்'. கண்மாய்க் கதை என்றதும் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.