கடன் வாங்கிய பனி

காஷ்மீர் சிறப்பிதழுக்கென்று வந்து சேர்ந்த கவிதைகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னது நண்பர்களில் சிலருக்குக் கோபத்தைத் தந்திருக்கிறது. கடலூரில் நேருக்கு நேராகவும், சிதம்பரத்திலிருந்து கடிதத்திலுமாக என்னைப் பற்றி மூன்று அபிப்பிராயங்கள் புழங்குகின்றன. எனக்கு அரசியல் பயம். எனக்கு ஸம்ஸ்கிருத மோகம். எனக்குப் பிறர் கவிதைமேல் பொறாமை. மூன்றாவதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கவிதைகளைப் படித்தவர்கள் சொன்னால் போதும்.

பதினேழு கவிதைகள். பதினான்கில் பனி. அவற்றில் பதினொன்றில் பனிமேல் ரத்தம். சினார் இலை, குங்குமப்பூ, தால் ஏரிப் படகு, துப்பாக்கி, ஒரு குழந்தையின் செருப்பு. ஒரு தெருவின் பெயர் கிடையாது. ஒரு மனிதனின் பெயர் கிடையாது. ஒரு காஷ்மீரிச் சொல்கூடக் கிடையாது. நெல்லிக்குப்பத்துக் கரும்பு வயலையும் மார்கழி மூடுபனியையும் தவிர வேறு குளிரை அறியாத நண்பருக்கு இவ்வளவு பனி எங்கிருந்து கிடைத்தது? தியேட்டரிலிருந்துதான். 1961இல் ஸ்ரீதர் ‘தேன்நிலவு’க்காக ஜெமினி கணேசனை அங்கே கூட்டிப் போனார், காஷ்மீர் நமக்குத் தேனிலவுக்கான இடமாயிற்று. 1992இல் ‘ரோஜா’ வந்தது. காஷ்மீர் நமக்குக் கணவனைப் பறிகொடுக்கும் இடமாயிற்று. அந்தப் படத்துக் காஷ்மீரின் பெரும்பகுதி ஹிமாசலத்து மணாலியில் எடுக்கப்பட்டது என்பதை நண்பர்கள் அறிவார்களா? நம் கவிஞர்கள் கண்ணீர் விட்டிருக்கும் பனி காஷ்மீரத்துப் பனிகூட அல்ல.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி வடக்கே ஒரு கவிஞர், தென்னை மரம், நீலக் கடல், கருகிய ஓலை என்று எழுதி, அதில் ஒரு ஈழக் கவிஞனின் பெயரையும் அறியாமல், நமக்கு அனுப்பியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? சிரித்திருப்போம், அல்லது கொதித்திருப்போம். நமக்கு அவமானமாகத் தோன்றுவது பிறருக்கு மட்டும் ஆதரவாகிவிடுமா?

இனி ஸம்ஸ்கிருத மோகம். காஷ்மீர் நமக்குப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர் அல்ல என்று நான் சொன்னதிலிருந்து இந்தப் பட்டம். விஷயம் இதுதான். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தை விட்டுக் கிளம்பிய பில்ஹணன் கல்யாணிச் சாளுக்கியரின் அவைக்கு வந்து சேர்ந்தான். விக்கிரமாதித்தனைப் பற்றி அவன் எழுதிய காவியத்தில் கங்கைகொண்ட சோழபுரம் வருகிறது. சோழ இளவரசன் ஒருவனைச் சாளுக்கியன் அரியணையில் ஏற்றுவதும், சில நாட்களில் அவன் கலகத்தில் கொல்லப்படுவதும், முதல் குலோத்துங்கன் ஆட்சியைப் பிடிப்பதும் வருகின்றன. சிதம்பரத்துக்கு அடுத்தாற்போல் நடந்ததை நம் சரித்திர ஆசிரியர்கள் ஒரு காஷ்மீரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். எதிரியின் சம்பளத்தில் இருந்தவன் சொன்னது. கவனமாகத்தான் கேட்க வேண்டும். அதே காவியத்தின் கடைசிச் சருக்கத்தில் அவன் தன் ஊரையும் தான் கிளம்பி வந்த கதையையும் சொல்கிறான். குங்குமப்பூவைக் கவிதையோடு சேர்த்துப் பெருமையடித்துக்கொண்டவனும் அவனே. அவனுக்கு அது பிறந்த மண். நம்மவர்களுக்கு அது ஜோடனை.

அந்தப் பில்ஹணனின் பெயரில் வழங்கிய காதல் கதைதான் 1937இல் பாரதிதாசனிடம் ‘புரட்சிக்கவி’ ஆயிற்று. உதாரனை மேடைதோறும் முழங்குகிறவர்களுக்கு அவன் மூதாதை ஒரு காஷ்மீரி என்பது தெரியாது. பாரதிதாசன் எடுத்ததைத் தமிழாக்கினார், அவர் கவிஞர். அவரிடம் எனக்கு வழக்கில்லை.

சிதம்பரத்துக்கே வருகிறேன். 12ஆம் நூற்றாண்டின் முடிவுக்கும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே இங்கே மகேச்வரானந்தர் என்றொருவர் இருந்தார். சோழ நாட்டவர். காஷ்மீரத்துக் கிரமம், திரிகம் என்ற சைவ நெறிகளில் தோய்ந்தவர். குரு மகாப்பிரகாசர். நள்ளிரவு, பூஜை முடிந்த வேளையில், கந்தல் போர்த்திச் சூலமும் கபாலமும் ஏந்திய ஒரு யோகினி தம் முன் வந்து நின்றாள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். காசு கொடுக்கப் போனவரைக் கோபித்துக்கொண்டாள். மகாராஷ்டிரப் பேச்சில் பேசினாள், விரல்களால் ஏழு என்று காட்டினாள், போய்விட்டாள். அந்த ஏழு எழுபதுக்குக் குறிப்பு என்று குரு சொல்ல, எழுபது பாட்டில், பிராகிருதத்தில், ‘மஹார்த்தமஞ்சரி’ பிறந்தது. ‘பரிமளம்’ என்ற ஸம்ஸ்கிருத உரையையும் அவரே எழுதினார். 1918இல் காஷ்மீர் சமஸ்தானத்தின் ஆராய்ச்சித் துறை தன் நூல் வரிசையில் பதினோராவதாக இதை அச்சிட்டது. அடுத்த ஆண்டு திருவனந்தபுரம் அச்சிட்டது. 1968இல் லிலியான் சில்பர்ன் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். பாரிசில் படிக்கிறார்கள், காஷ்மீரம் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. மேல வீதியில் காபி குடித்தபடி நவீனத்துவம் பேசும் நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்? சிதம்பரம் என்றால் நமக்கு மௌனி. மௌனியைப் பற்றியும் நாம் பேசுவது பெரும்பாலும் அவர் எவ்வளவு குறைவாகப் பேசினார் என்பதைத்தான்.

மகேச்வரானந்தரை நான் கொண்டாடச் சொல்லவில்லை. அவரிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஸம்ஸ்கிருதத்தை விட்டு வெளியே வந்த மனிதர் தமிழுக்கு வரவில்லை. சேக்கிழார் பெரியபுராணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் ஒருவரும் பேசாத பிராகிருதத்தில் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் லல்லா அதே சைவத்தின் சாரத்தைத் தண்ணீர் சுமப்பவளும் தறி நெய்பவனும் பேசும் காஷ்மீரியில் சொன்னாள். அவள் வாக்குகள் அறுநூறு ஆண்டுகளாக வாயிலேயே உயிரோடு இருந்தன. நம்மவருடைய நூல் ஏட்டில் இருந்தது. இந்த வித்தியாசத்தை யோசிக்கிற கவிஞன் ஒருவன் பதினேழில் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். (லல்லாவைக் காரைக்கால் அம்மையாரோடு ஒப்பிட்டு உடனே ஒரு கட்டுரை தயாரிக்க ஒருவர் முன்வந்திருக்கிறார். வேண்டாம். இரண்டு பேரையும் படிக்காமலிருக்க அது ஒரு வழி.)

கொடுக்கல் வாங்கல் ஒரு திசையிலும் நடக்கவில்லை. காஷ்மீரத்து பட்ட ராமகண்டரைத் தம் ஆசானாக வைத்துத்தான் 12ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டு அகோரசிவர் சைவசித்தாந்தத்துக்கு ஸம்ஸ்கிருதத்தில் உரை எழுதினார். ராமகண்டரின் மதங்காகம உரையைத் தென்னாட்டு ஏடுகளின் துணையோடு, கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணிக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், என்.ஆர். பட் பதிப்பித்தார். நாட்டிய சாஸ்திரத்துக்கு அபிநவகுப்தர் எழுதிய உரை மலையாள நாட்டு ஏடுகளில் பிழைத்து, 1926இல் பரோடாவில் அச்சேறத் தொடங்கியது. அந்த சாஸ்திரத்தின் கரணங்களைச் சுலோகத்தோடு கல்லில் வைத்திருப்பது நம் கோபுரம். நாம் அதன் நிழலில் செருப்பு விடுகிறோம்.

இதைச் சொன்னவுடன் இன்னொரு நண்பர் என்னைக் கட்டிக்கொண்டார். “பார்த்தீர்களா, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே பண்பாடு, அன்றைக்கே!” எனக்கு அந்த அணைப்பு பிடிக்கவில்லை. ஏடுகளைச் சுமந்தவர்கள் படிப்பவர்கள். பட்டாளம் சுமக்கவில்லை, கட்டளைச் சட்டம் சுமக்கவில்லை. பிரதியெடுத்தார்கள், மறுத்தார்கள், சண்டை போட்டார்கள். 1313இல் உமாபதி சிவம் ‘சங்கற்ப நிராகரணம்’ எழுதியதே இந்த ஊர்ச் சண்டைகளின் சூட்டில்தான். ஒரு நாட்டின் நூலை எழுநூறு வருஷம் காப்பாற்றியவனுக்கு அந்த நாட்டு மண்மேல் என்ன பாத்தியதை வந்துவிடும்? 2019 ஆகஸ்ட் 5ஆம் தேதி அங்கே தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டு, ஒரு மகன் தன் தாயிடம் பேச முடியாமல் இருந்தபோது, அபிநவகுப்தர் பெயரைச் சொல்லி இங்கே கைதட்டியவர்கள் இருந்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு மகேச்வரானந்தரைச் சாட்சியாகக் கூப்பிடும் உரிமையை நான் யாருக்கும் தரத் தயாராயில்லை.

அரசியல் பயம் என்று சொன்னவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பயம் அந்தக் கவிதைகளில்தான். பனிமேல் ரத்தம் என்று எழுதினால் யாருடைய ரத்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1990 ஜனவரி 21, ஸ்ரீநகர் கவ்கதல் பாலத்தில் ஊர்வலத்தின்மேல் சுட்டார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரே எண் கிடையாது. அதே மாதங்களில் பண்டிட்டுகள் கொலைக்கும் மிரட்டலுக்கும் பயந்து பெருவாரியாகப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறினார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இரண்டு கட்சிக்காரர்களும் நம்மை அடிக்க வருவார்கள். வரட்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர்களுக்கு லல்லாவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராது: அவள் ஒரு சாராருக்கு லல்லேச்வரி, இன்னொரு சாராருக்கு லல்லா ஆரிஃபா, எல்லோருக்கும் லல் தெத்.

“கவிஞனுக்கு அனுபவம் போதும், தகவல் எதற்கு?” என்கிறார்கள். எந்த அனுபவம்? ஆகா ஷாஹித் அலிக்கு அனுபவம் இருந்தது. 1990இல் தபால் நின்றுபோன ஊருக்கு அமெரிக்காவிலிருந்து அவர் 1997இல் ஒரு கவிதைத் தொகுதி எழுதினார், தலைப்பிலேயே தபால் நிலையமில்லாத நாடு. ஹரி கிருஷ்ண கௌல் 1990இல் ஊரை விட்டுப் போன பிறகும் காஷ்மீரியிலேயே கதை எழுதினார். பண்டிட்டான தீனாநாத் நாதிம் 1953இல் காஷ்மீரியின் முதல் இசை நாடகத்தைத் தந்தார். அக்தர் மொகியுத்தீனின் சிறுகதைகளுக்கு 1958லேயே ஸாஹித்ய அகாதமி பரிசு. கடலூரில் பிறந்த ஜெயகாந்தனுக்கு 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம். நடுவில் ஒரே ஒரு மராத்தியரை விட்டு, 2004ஆம் ஆண்டுக்கானது ரஹ்மான் ராஹிக்கு. அந்த மொழிக்கு அதுவே முதல் தடவை. ஜெயகாந்தனுக்கு மஞ்சக்குப்பத்தில் கூட்டம் போட்டவர்கள், 2023 ஜனவரியில் ராஹி இறந்தபோது ஒரு வரி எழுதவில்லை. சுமார் 68 லட்சம் பேர் பேசும் மொழி அது. அவர்களைப் பற்றி எழுத அவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டாம் என்பது என்ன அழகியல்?

ஆங்கிலம் வழியாகத்தான் வரும், மூலத்தின் ஓசை போய்விடும் என்பது உண்மை. போகட்டும், அர்த்தமாவது மிஞ்சும். ஆசிரியருக்கு நான் சொல்வது: பதினேழையும் திருப்பி அனுப்புங்கள். ராஹியிலிருந்தும் நாதிமிலிருந்தும் சில கவிதைகள், கௌலின் ஒரு கதை, அக்தர் மொகியுத்தீனின் ஒரு கதை, லல்லாவின் சில வாக்குகள், ‘மஹார்த்தமஞ்சரி’யில் முதல் பத்துப் பாட்டுக்கள் தமிழில். கௌலின் கதையை நான் செய்து தருகிறேன். பிராகிருதத்துக்கு ஆள் வேண்டும், பல்கலைக்கழகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதழ் மூன்று மாதம் தாமதமாகும். இதற்கு முன் காரணமில்லாமலேயே அதைவிடத் தாமதமாக வந்திருக்கிறது.