எங்கள் கடையிலும் ஸ்டூல் இருக்கிறது

காலையில் ஷட்டர் தூக்கியதும் சாமி பாட்டு, அடுத்து மீட்டிங். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தினமும் சொல்கிறார் மேனேஜர். சொந்தக் குடும்பத்தில் ஒருத்தியைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பார்களா?

ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன் என்றால் சும்மா நிற்கிற வேலை இல்லை. கல்யாண வீட்டார் வந்தால் நாற்பது புடவை பிரித்துப் போடுவோம். "வேற கடையிலயும் பாத்துட்டு வர்றோம்" என்று அவர்கள் போனதும் அத்தனையையும் மடிப்பு மாறாமல் மடித்து ரேக்கில் ஏற்ற வேண்டும். கூட்டமில்லாத மதியத்திலாவது உட்காரலாம் என்றால், கேமராவில் பார்த்துவிட்டு செக்‌ஷனுக்குப் போன் வரும்: "யாரு அது? வீட்டுக்கு அனுப்பிடவா?"

சட்டம் இல்லாமல் இல்லை. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியாயிற்று. கடையில் நிற்கிறவர்கள்தான் யார் நினைவுக்கும் வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண், கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் வருஷக்கணக்கில் போராடினார். கேரளத்தில் 2018-இல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2021-இல்.

அதன் பிறகு எங்கள் மாடிக்கும் இரண்டு ஸ்டூல் வந்தன. அவற்றின் மேல் கவர்க்கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கூட வேலை செய்கிற அக்கா ஒருவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாய்ப் புடைத்திருக்கிறது. சேலைக்குள் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வருகிறார். வலி தாங்காதபோது ட்ரையல் ரூமுக்குள் போய்த் தரையில் உட்காருவார். வெளியே எங்களில் யாராவது ஒருத்தி துணி மடிக்கிற மாதிரி காவல் நிற்பாள். இந்தக் கடையில் குடும்பம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அதையும் விற்பனைக்குத் தருகிற இன்சென்டிவ் கெடுக்கிறது. அக்கா ஒரு மணி நேரம் பேசி விற்ற பட்டுக்கு, பில் ஸ்லிப்பில் தன் சொந்தக்காரப் பையனின் நம்பரைப் போடுகிறார் சூப்பர்வைசர். கேட்டால், "டீம்னா விட்டுக்கொடுக்கணும்மா" என்கிறார். எப்போதும் ஒரே ஆள்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா? "ராத்திரி வீட்டுக்குப் போனா புள்ளைங்ககிட்ட பேசவே வாய் வரல. சிரிக்கிறதெல்லாம் கஸ்டமர்கிட்டயே தீர்ந்துபோகுது" என்று அக்கா சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

லேபர் இன்ஸ்பெக்டர் வருகிற அன்று கவர்க்கட்டுகளை இறக்கி, ஸ்டூலைத் துடைத்து வரிசையாய்ப் போடுகிறார்கள். அவரும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுகிறார். எங்களில் ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "உட்கார விடுறாங்களாம்மா?" என்று ஒரு தடவையாவது கேட்கக் கூடாதா?