எந்தத் தண்ணி வுட்டாங்க?

நூறு வருஷம் மேடை மேல் நின்ற எஞ்சினைக் கீழே இறக்கி, பழுது பார்த்து, கரி போட்டு ஓட வைத்தது நம் சென்னைதான். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் பணிமனையின் கைவேலை அது. எஞ்சினுக்கு ஈ.ஐ.ஆர். 21 என்று பெயர், ‘எக்ஸ்பிரஸ்’ என்றும் சொல்வார்கள். கிழக்கிந்திய ரயில்வே கம்பெனிக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹியூவிட்சன் கம்பெனியார் கட்டியது. 1855-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து இறங்கியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டதே 1856 ஜூலை 1-ல்தான். ஆக, நம் பக்கத்து ரயில் பாதைக்கே இந்த எஞ்சின் அண்ணன் முறை.

1909-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுரா நிலையத்திலுமாகக் காட்சிப்பொருள். 2010-ல் பெரம்பூரில் சரிசெய்து, அந்த வருஷம் ஆகஸ்ட் 15 அன்று ஓட்டிக் காட்டினார்கள். சுதந்திர தினத்துக்காகக் குறித்த நாள்தான். ஆனால் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு அந்தக் கம்பெனியின் முதல் ரயில் ஓடியதும் 1854-ல் இதே ஆகஸ்ட் 15 என்பது ஒரு தற்செயல் அழகு.

மணலூர்பேட்டைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம். எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமானால் திருக்கோவிலூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் நீராவி தெரிந்த மனிதர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. தென்பெண்ணை ஓரமாகவே மேல்கையில் போனால் மூங்கில்துறைப்பட்டு, அங்கே கூட்டுறவு சர்க்கரை ஆலை. கரும்புச் சக்கையை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில்தான் ஆலையே ஓடும். அந்த பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஈ.ஐ.ஆர். 21 ஓடும் வீடியோவை டீக்கடையில் அவரிடம் காட்டினேன். பெரிய சக்கரம், பித்தளைப் பளபளப்பு, புகை, விசில் என்று நான் ரசித்துச் சொல்லிக்கொண்டே போக, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எந்தத் தண்ணி வுட்டாங்க?”

இந்தக் கேள்வியை எந்தப் பத்திரிகைச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை. வயசு, வேகம், எத்தனை பெட்டி, எந்த அதிகாரி கொடியசைத்தார் என்பதெல்லாம் வரும். பாய்லர்காரர் மட்டும் தண்ணீரைக் கேட்கிறார். அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்தால் விஷயம் இதுதான்.

எங்கள் ஊர் போர்த் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அதேதான் பாய்லருக்குள்ளும் படியும். படிந்த உப்பு சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாது. தகட்டின் ஒரு பக்கம் தீ, மறுபக்கம் உப்புப் பொருக்கு என்றால் தகடு தன்னையே சுட்டுக்கொண்டு மெலியும். தண்ணீரில் கரைந்த உப்பு மிஞ்சிப்போனால் இன்னொரு வம்பு: பாய்லருக்குள் நுரை கட்டி, ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் வந்து மோதினால் சிலிண்டர் மூடி விரிசல் விடும். கிளம்பும்போது எஞ்சினின் முன்பக்கம் இரண்டு புறமும் ‘உஸ்ஸ்’ என்று ஆவி பீறிடுவதைப் பார்த்திருப்பீர்கள். படம் எடுப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். டிரைவருக்கோ அது சிலிண்டரில் குளிர்ந்து தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளுகிற வேலை, வேடிக்கை காட்டுவதற்கு அல்ல.

பழைய எஞ்சினைப் பழுது பார்ப்பது என்றால் முக்கால்வாசி பாய்லரைப் பழுது பார்ப்பதுதான். சர்க்கரை ஆலை பாய்லரில் குழாய்க்குள் தண்ணீர், வெளியே தீ. ரயில் எஞ்சினில் அது தலைகீழ். கரி எரியும் தீப்பெட்டியிலிருந்து கிளம்பும் அனல் குழாய்களுக்குள் ஓடும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். அனல் முன்பக்கப் புகையறைக்கு வந்து புகைபோக்கி வழியே வெளியேறும். சிலிண்டரில் வேலை முடித்த ஆவியையும் அதே புகைபோக்கி வழியாகத்தான் மேலே அடித்துவிடுகிறார்கள். அந்த வேகம் பின்னாலிருக்கும் தீயை இழுத்து ஊதுகிறது. ‘சுக்… சுக்…’ என்று நாம் குழந்தைக்குச் சொல்லிக்காட்டும் சத்தம் அதுதான். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நாலு சுக். ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு திணறுகிறதோ அவ்வளவு பலமாகத் தீயை இழுத்துக்கொள்ளும். ஒரு மின் விசிறி கிடையாது, ஒரு மோட்டார் கிடையாது. இதை யோசித்தவனின் மூளைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

நூறு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற பாய்லரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. குழாய்கள் துருவேறி மெலிந்திருக்கும், தீப்பெட்டித் தகட்டை வெளித்தகட்டோடு கட்டி நிறுத்தும் கம்பிகள் இற்றிருக்கும். மேலே பூசிய கறுப்பு பெயின்ட் எல்லாவற்றையும் மறைத்திருக்கும். அதனால்தான் எந்தப் பட்டறையிலும் சோதனை முதலில் குளிர்ந்த தண்ணீரில் நடக்கும். பாய்லர் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போலப் பொதுவாக ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தகடு தாங்காவிட்டால் தண்ணீர் கசியும், அழுத்தம் இறங்கிவிடும், அவ்வளவுதான். அதே இடத்தில் ஆவி இருந்தால் பட்டறையே இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீர், வெளியே வந்து ஆவியாக விரிந்தால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். குளிர்ந்த சோதனையில் தேறிய பிறகுதான் தீ மூட்டுவார்கள். அதுவும் மெல்ல மெல்ல. அவசரப்பட்டால் சூடான தகடு விரியும், சூடேறாத தகடு விரியாது, இணைப்புகள் எல்லாம் வாய் திறக்கும். நிகழ்ச்சி காலையில் என்றால் முந்தின நாளே அடுப்பு எரியத் தொடங்கியிருக்க வேண்டும்.

தீப்பெட்டியின் கூரைத் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு சின்ன திருகு இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கிக் கூரை வெளியே தெரிந்தால் ஈயம் உருகி, ஆவி தீயின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். “அது உருகிடுச்சுன்னா அந்த ஃபயர்மேன் அடுத்த நாள் யார் மூஞ்சிலயும் முழிக்க முடியாது” என்றார் அண்ணன். ஆலையானாலும் ரயிலானாலும் மானம் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கிறது.

1855-ல் பிறந்த எஞ்சினுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. எஞ்சின் நிற்கும்போதும் பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டரைப் பிரான்சின் ஹென்றி ஜிஃபார்ட் கண்டுபிடித்தது 1858-ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே இது கட்டப்பட்டுவிட்டது. கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் தனியாகக் கிடையாது, தண்ணீர்த் தொட்டி அடிவயிற்றிலேயே இருக்கிறது. மூன்று அச்சு, அதில் நடு அச்சின் பெரிய சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். சக்கரத்தின் உயரம் ஆறடி, ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். கனத்த வண்டியைக் கட்டினால் வழுக்கும். மெயில் வண்டிக்கு என்று செய்த இலகுவான எஞ்சின், சரக்கு இழுக்க அல்ல. இப்படிப்பட்டதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. காணாமல் போன ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து, வரைந்து, மர அச்சு செதுக்கி, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும்.

புதிதாகக் காற்று பிரேக்கும் பொருத்தியிருக்கிறார்கள். இது கலப்படம் என்று முகம் சுளிக்கும் ரயில் ரசிகர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்சியில் இடமில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது தியாகராஜர் தேர் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. வடம் பிடிக்கிறோம், தேர் நகர்கிறது, வேண்டிய இடத்தில் நிற்கிறது. ஆள் ஏறுகிற வண்டிக்குப் பிரேக் வேண்டும்.

ஈ.ஐ.ஆர். 21-ன் இரட்டைப் பிறவியான ஃபேரி குயினின் கதை இன்னும் சுவாரசியம். அதே கம்பெனி, அதே 1855, எண் மட்டும் 22. அதற்கும் 1997-ல் உயிர் கொடுத்தது பெரம்பூர்தான். டெல்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடி, ஒழுங்காக ஓடும் நீராவி எஞ்சின்களில் உலகிலேயே பழையது என்று 1998-ல் கின்னஸில் ஏறியது. பிறகு 2011-ல் டெல்லியில் நின்றிருந்தபோது யாரோ அதன் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உலக சாதனை எஞ்சின் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிற தேசம் இது! மறுபடி பெரம்பூருக்கே வந்தது, மறுபடி சரிசெய்தார்கள்.

பிரிட்டனில் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் என்ற 1923-ம் வருஷத்து எஞ்சினை 2006-ல் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டி ஓட்ட 2016 ஆகிவிட்டது. செலவு 42 லட்சம் பவுண்ட். பணமும் மக்கள் நன்கொடையும் அருங்காட்சியகமும் இருந்தும் பத்து வருஷம். பெரம்பூர்க்காரர்களோ அன்றாடப் பழுது வேலைகளுக்கு நடுவே ஈ.ஐ.ஆர். 21-ஐ ஓட வைத்திருக்கிறார்கள்.

எப்படி முடிந்தது? 2010-ல் நீராவியைத் தொட்ட கைகள் நம்மிடம் இருந்தன. கரி எஞ்சின் நம் ரயில்வேயின் அன்றாட ஓட்டத்திலிருந்து விடைபெற்றதே 1990-களின் முடிவில்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் விழுப்புரத்தைப் பற்றிச் சொல்வார்கள்: சென்னையிலிருந்து மின்சார எஞ்சினில் வரும் மீட்டர்கேஜ் வண்டி அங்கே நின்று எஞ்சின் மாற்றிக் கரி எஞ்சினோடு தெற்கே போகும், அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். காட்பாடி மார்க்கத்து வண்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் திருக்கோவிலூரில் இறங்கும்போது கண்ணில் கரித்தூள், சட்டையில் பொத்தல். அந்த எஞ்சின்களில் கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேன்களும் ஷெட்டில் பாய்லர் கழுவியவர்களும் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த முறை பாய்லரைப் பிரிக்கும்போது யாரைக் கூப்பிடுவது?

முழுக்க நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கர எஞ்சின்கள் தினமும் மலை ஏறுகின்றன. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்த பழைய எக்ஸ் வகை எஞ்சின்களைப் பார்த்து, திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-லிருந்து புத்தம் புதிதாகவே செய்யத் தொடங்கியது. முதலில் எண்ணெயில் எரியும் எஞ்சின், 2021-ல் நிலக்கரியில் எரியும் ஒன்றும். குன்னூர் ஷெட்டில் இன்றும் ஓர் இளைஞன் மூத்தவரிடம் தீ பார்க்கக் கற்கிறான் என்றால் அது அந்த மலை ரயிலால்தான். யுனெஸ்கோ பட்டியலில் 2005-ல் அது ஏறியிராவிட்டால் அதையும் எப்போதோ டீசலுக்கு மாற்றியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பொருமலும் வருகிறது. 170 வயது எஞ்சினை ஓட வைக்கத் தெரிந்த ரயில்வேக்கு, சின்னசேலத்திலிருந்து எங்கள் மாவட்டத் தலைநகர் கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் பாதை போட எத்தனை வருஷம் வேண்டியிருக்கிறது! திறமைக்குக் குறைவில்லை. பெரம்பூருக்கும் பொன்மலைக்கும் சேர வேண்டிய பாராட்டை இதைச் சொல்லிக் குறைக்க மாட்டேன்.

ஈ.ஐ.ஆர். 21 அதன் பிறகும் அவ்வப்போது ஓடியது. 2019-ல் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கும், எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கும் போனது. அவ்வப்போது என்பதுதான் குறை. பாய்லருக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் கெடுதல். ஈரம் தங்கித் துரு ஏறும், கற்றவன் மறப்பான். நிலைய வாசல்களில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் எஞ்சின்களை எல்லாம் ஓட்டச் சொல்லவில்லை. ஓடக்கூடிய இந்த ஒன்றையாவது மாதம் ஒருமுறை, தேதி சொல்லி, டிக்கெட் போட்டு ஓட்டலாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு இளைஞர்களை ஃபயர்மேன் பக்கத்தில் நிற்க வைக்கலாம். தெற்கு ரயில்வே இதைச் செய்ய வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை, விருத்தாசலம், சேலம் பக்கத்தில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ கரி எஞ்சினில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், செல்போனை எதிரில் வைத்து அவரைப் பேச விடுங்கள். பழைய நாள் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார். தீயின் நிறத்தைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பீர்கள், கரியை முதலில் எந்த மூலையில் போடுவீர்கள், பாய்லரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதிவு செய்ததில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்கோ திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.